பிக்ஸீஸ் இசைக்குழு எப்படி வளர்ந்தது, ஏன் பிரிந்தது?

ஆல்டர்நேட்டிவ் ராக் என்பது பெரிய நிறுவனங்களின் வழக்கமான பாணிக்கு வெளியே, கல்லூரி வானொலிகளையும் சிறு இசை நிறுவனங்களையும் நம்பி வளர்ந்த ராக் இசை. அதில் தவிர்க்க முடியாத பெயர் பிக்ஸீஸ். 1986-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிளாக் ஃபிரான்சிஸ், ஜோயி சான்டியாகோ, கிம் டீல், டேவிட் லவரிங் சேர்ந்து தொடங்கினார்கள். இவர்களின் பாடல்களில் சரணத்தில் அடங்கிய குரல், பல்லவியில் திடீர் அலறல். மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று கத்தினால் வீடே திரும்பிப் பார்க்குமே, அதே விளைவுதான். 1989-ல் வந்த 'டூலிட்டில்' ஆல்பத்தில் இது அற்புதமாக அமைந்திருக்கிறது.

சரி, ஏன் பிரிந்தார்கள்? பெரும்பாலான பாடல்களை எழுதியவர் ஃபிரான்சிஸ். கிம் டீலும் நன்றாக எழுதுவார், ஆனால் குழுவில் அவருக்கான இடம் குறைந்துகொண்டே போனது. அவர் பிரீடர்ஸ் என்ற இன்னொரு குழுவைத் தொடங்கினார். ஓயாத பயணக் களைப்பு வேறு. 1993 தொடக்கத்தில் ஃபிரான்சிஸ் ஒரு வானொலிப் பேட்டியில் பிரிவை அறிவித்தார். டீலுக்கும் லவரிங்குக்கும் ஃபேக்ஸில்தான் தகவல் போனது. இவ்வளவு நல்ல குழுவுக்கு இப்படியொரு முடிவு வந்திருக்க வேண்டாம்.

நிர்வாணா என்ற புகழ்பெற்ற அமெரிக்க ராக் குழுவைப் பார்த்துத்தான் பிக்ஸீஸ் இப்படி அடக்கியும் அலறியும் வாசித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிக்ஸீஸைப் போல எழுத முயன்றதாக நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனே சொல்லியிருக்கிறார்.