கோடையில் அமெரிக்கத் தென்மாநில நீர்த்தேக்கத்தில் வழிகாட்டியுடன் மஸ்கி பிடிக்கச் செல்ல எப்படித் திட்டமிடுவது?

ஜூலை விடுமுறையில் கென்டக்கியிலோ டென்னசியிலோ ஒரு நீர்த்தேக்கத்துக்குச் சென்று, வழிகாட்டி ஒருவரை அமர்த்தி பிற மீன்களை வேட்டையாடும் பெரிய நன்னீர் மீனான மஸ்கியை முதன்முறையாகப் பிடிக்க விரும்புவதாக எழுதியுள்ளீர்கள். எந்த ஏரியைத் தேர்ந்தெடுக்கலாம், வழிகாட்டியிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். அவ்விரண்டுக்கும் முன்னதாக நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நீரின் மேற்பரப்பு வெப்பநிலை 80 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால் மஸ்கியைத் தேடித் தூண்டில் வீசுவதில்லை என்பதே அது. இந்த மீனை நேசிக்கும் தூண்டில்காரர்கள் பலர் தாங்களாகவே கடைப்பிடிக்கும் வரம்பு இது. நானும் இதைக் கடைப்பிடிக்கிறேன். உங்கள் பயணத் திட்டம் முழுவதையும் இந்த எண்ணைச் சுற்றியே அமைத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கி மிதமான குளிர்ச்சியுள்ள நீருக்குரிய மீன். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. அதே வேளையில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. அத்தகைய நீரில் முழு வலிமையையும் செலவிட்டுப் போராடிக் களைத்த மீன், நாம் விடுவித்ததும் வாலை அசைத்து நீந்திச் சென்றாலும், மீள முடியாமல் பின்னர் இறந்துபோவது உண்டு. கோடையில் ஆழமான நீர்த்தேக்கங்களில் சூடான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாக அடுக்குகள் பிரிந்துவிடும். அடியடுக்கில் ஆக்சிஜன் அற்றுப்போவதால் மீன்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பகுதியில் ஒதுங்கி நிற்கின்றன. அங்கிருந்து ஒரு மீனை இழுத்துச் சூடான மேல்நீருக்குக் கொண்டுவருவது அதற்கு இரட்டைச் சுமை. விடியற்காலையில் சென்றால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வெப்ப அலை பல நாட்கள் நீடிக்கும்போது ஒரே இரவில் நீர் சில டிகிரிக்கு மேல் குளிர்வதில்லை என்பதால், விடியலை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி ஏரிகளுக்கு வருவோம். தெற்கில் மஸ்கி என்றதும் பலரும் முதலில் சொல்வது கென்டக்கியின் கேவ் ரன் ஏரியைத்தான். டேனியல் பூன் தேசியக் காட்டுக்குள், லிக்கிங் ஆற்றின் குறுக்கே அமெரிக்க இராணுவப் பொறியாளர் படைப்பிரிவு கட்டிய அணையால் உருவான இந்த நீர்த்தேக்கத்தின் பரப்பு 8,270 ஏக்கர். அந்த ஆற்றில் மஸ்கி முன்பிருந்தே வாழ்ந்த மீன். இன்று ஏரியில் அதன் எண்ணிக்கையைக் காத்து நிற்பவை, அணைக்குக் கீழேயே உள்ள மைனர் கிளார்க் மீன் பண்ணையில் வளர்த்து விடப்படும் குஞ்சுகள். கென்டக்கியின் சாதனை மீன், 47 பவுண்டு எடையுள்ளது, 2008 நவம்பரில் இந்த ஏரியில்தான் பிடிபட்டது. அது நவம்பர் மாதம் என்பதைக் கவனியுங்கள். மூழ்கிய மரங்கள் நிறைந்த, ஏரியின் கிளை ஓடைகள் ஜூன் தொடக்கம் வரையிலும், பிறகு நீர் குளிரத் தொடங்கும் செப்டம்பர் இறுதியிலிருந்தும் அருமையான இடங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே மேல்நீர் பெரும்பாலும் 80 டிகிரியைத் தாண்டியே இருக்கும்.

விடுமுறையை ஜூலையிலிருந்து நகர்த்தவே முடியாதென்றால், டென்னசியின் மெல்ட்டன் ஹில் ஏரியை விசாரித்துப் பாருங்கள். ஓக் ரிட்ஜ் நகருக்கு அருகே, கிளிஞ்ச் ஆற்றில் 1963-இல் முடிக்கப்பட்ட அணையின் பின்னே நீளும் ஒடுங்கிய நீர்த்தேக்கம் இது. இதற்கு மேலே அதே ஆற்றில் 1936-இல் கட்டி முடித்த நாரிஸ் அணை இருக்கிறது. அங்கே ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் குளிர்ந்த நீர் கீழே வருவதால், மெல்ட்டன் ஹில்லின் மேற்பகுதி கோடையிலும் மற்ற ஏரிகளைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இருந்தாலும் நாளுக்கு நாள் அளந்து பார்க்காமல் எதையும் உறுதியாகக் கொள்ளக் கூடாது. அணையிலிருந்து நீர் திறக்கப்படாத நாட்களில் நிலைமை மாறிவிடும்.

வழிகாட்டியிடம் பேசும்போது, மீன் கிடைக்குமா என்பதைவிட, "நீர் எத்தனை டிகிரியானால் மஸ்கிப் பயணத்தை நிறுத்துவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்பவர் நல்ல வழிகாட்டி. நீர் அந்த எண்ணைத் தாண்டினால் முன்பணத்தை இழக்காமல் தேதியை இலையுதிர் காலத்துக்கு மாற்றலாமா, அல்லது அன்றைய நாளையே சூடான நீரைத் தாங்கும் பாஸ் மீனுக்கு ஒதுக்கலாமா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கேவ் ரன்னில் பாஸும் கிராப்பி என்ற சிறிய மீனும் உண்டு என்பதால் விடுமுறை வீணாகாது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் முழுவதும் காலை வெப்பநிலையை அனுப்பும்படி கேட்டால், மீன்மீது அக்கறையுள்ள எவரும் மறுக்க மாட்டார். வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்; கோடையில் உல்லாசப் படகுகளின் அலையில் வீசுவதற்கு அமைதியான இடம் கிடைப்பதே அரிது.

வழிகாட்டியின் கருவிகளையும் விசாரியுங்கள். மெல்லிய தங்கூசியில் (நைலான் தூண்டில் நூலில்) மீனை நெடுநேரம் விளையாடவிடுவது இங்கே தவறான வேலை. 80 முதல் 100 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், அதன் முனையில் பல்லுக்கு அறுபடாத கம்பி அல்லது தடித்த ஃப்ளோரோகார்பன் இழை, வலிமையான தூண்டில் கோல் ஆகியவை இருந்தால்தான் மீனை விரைவாகப் படகருகே கொண்டுவர முடியும். ரப்பர் பூசிய ஆழமான பெரிய வலை, நீண்ட குறடு, தூண்டில் முள்ளை வெட்டும் கட்டர் ஆகிய மூன்றும் இல்லாத படகில் ஏறாதீர்கள். மீன் வலைக்குள் நீரிலேயே இருக்கும்போது முள்ளைக் கழற்ற வேண்டும். எளிதில் கழலாத முள்ளை வெட்டிவிட வேண்டும். படம் வேண்டுமென்றால் கேமராவை ஆயத்தமாக வைத்துக்கொண்ட பிறகே, இரு கைகளாலும் கிடைமட்டமாகத் தாங்கிச் சில நொடிகள் மட்டும் தூக்குங்கள். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடுவது அதன் உடலுக்குக் கேடு. நீர் 80 டிகிரியை நெருங்கியிருக்கும் நாளில் படத்தையே விட்டுவிடலாம். வலைக்குள் கிடக்கும் அந்த நீண்ட, புள்ளியும் பட்டையும் ஓடிய உடலைக் குனிந்து பார்ப்பதே போதிய மகிழ்ச்சி தரும்.

உடலுழைப்பு மிகுந்த மீன்பிடிப்பு இது. கனமான செயற்கை இரைகளைப் பகல் முழுவதும் வீச வேண்டியிருக்கும். ஒரு மீனையும் காணாமல் திரும்பும் நாட்கள் இயல்பானவை. மஸ்கி இரையைப் படகு வரை பின்தொடர்ந்து வந்து கடிக்காமல் நிற்கும் பழக்கமுடையது. ஆகவே ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டு போடுவதுபோல இரையை அகலமாகச் சுழற்ற வேண்டும். கடைசி நேரக் கடி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும் என்பதால், போகும் முன்பே வீட்டில் கோலை எடுத்து இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மீன்பிடி உரிமத்தை அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கலாம். வெளிமாநிலத்தாருக்குக் குறுகிய கால உரிமமும் உண்டு. வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் நீள வரம்பு ஏரிக்கு ஏரி மாறுபடும் என்பதால், செல்லும் ஆண்டின் விதிகளைப் படித்துவிடுங்கள். உங்கள் தேதிகளில் சிறிதளவு நெகிழ்வு இருந்தாலும், ஜூலையை விட்டுவிட்டு அக்டோபர் நடுவில் ஒரு வாரநாளைக் கேவ் ரன்னுக்காக இப்போதே கேட்டு வையுங்கள். நல்ல வழிகாட்டிகளின் இலையுதிர் கால நாட்கள் விரைவில் நிரம்பிவிடும்.