பின்வரிசை முன்னேறாத பிரஸ்ஸிங்: கடிதமும் பதிலும்

அன்பின் ஐயாவுக்கு,

வணக்கம். உதைபந்தாட்டம் பற்றித் தாங்கள் எழுதிவருவனவற்றைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். கிழக்கிலங்கையில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். இவ்வருடம் 18 வயதுக்குட்பட்ட அணியைப் பொறுப்பேற்று, லிவர்பூல் ஆடிய மாதிரி முன்களத்திலேயே எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பிரஸ்ஸிங் முறையை ஆறு கிழமைகள் பழக்கினேன். அரையிறுதியில் 4–1 என்று தோற்றோம். முதற்பாதியிலேயே மூன்று கோல்கள் விழுந்துவிட்டன. பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். இரண்டாம் பாதியில் கால் தூக்கவே ஏலாமல் போனது. இரண்டாவது கோல் நேரே எதிரணியின் கோல் கிக்கிலிருந்து வந்தது. அவர்களின் முன்கள வீரர் எங்கள் பின்கள வீரர்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தும் துணை நடுவர் கொடி உயர்த்தவில்லை.

இப்போது பெற்றோரும் ஊரின் பழைய வீரர்களும், "இந்த வெயிலுக்கும் மணலுக்கும் ஐரோப்பிய ஆட்டம் சரிவராது, பின்னுக்கு நின்று தடுத்து, கிடைத்த பந்தை உயர அடித்து ஆடச் சொல்லுங்கள்" என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கரைவலைத் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். உடல் உரத்தில் குறைந்தவர்கள் அல்ல. நான் எங்கே பிழைவிட்டேன் என்று சொல்லுங்கள். போட்டியின் காணொளியை இத்துடன் அனுப்புகிறேன். மைதானத்து வேலிக் கம்பங்களுக்கிடையே பத்தடி தூரம் இருக்கும். கணக்குப் பார்க்க உதவலாம்.

க., திருக்கோவில்

அன்பின் ஆசிரியருக்கு,

தங்கள் கடிதமும் காணொளியும் கிடைத்தன. காணொளியை மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோலுக்கும் முந்திய பத்து விநாடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெயிலையும் மணலையும் பிள்ளைகளின் தேகபலத்தையும் குறைசொல்ல அதில் எதுவுமில்லை. உங்கள் முன்வரிசை ஒரு ஆட்டத்தையும் பின்வரிசை இன்னொரு ஆட்டத்தையும் ஆடிக்கொண்டிருந்தன என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய பிழை.

முதலாவது கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் இடப்பக்கப் பின்கள வீரரிடம் பந்து இருக்கிறது. உங்கள் 9ஆம் இலக்கப் பிள்ளையும் 7ஆம் இலக்கப் பிள்ளையும் நல்ல வேகத்தில் அவர்மேல் பாய்கிறார்கள். அந்தக் கணத்தில் படத்தை நிறுத்தி, நீங்கள் சொன்ன வேலிக் கம்பங்களை எண்ணினேன். 9ஆம் இலக்கத்துக்கும் உங்கள் கடைசிப் பின்கள வீரருக்கும் இடையே 18 இடைவெளிகள் இருந்தன. அதாவது 180 அடி, ஏறக்குறைய 55 மீற்றர். அந்த 55 மீற்றருக்குள் உங்கள் மூன்று மத்தியகள வீரர்கள் முன்னே போவதா பின்னே நிற்பதா என்று தெரியாமல் சிதறி நிற்கிறார்கள். எதிரணி வீரர் பாய்ந்து வந்த இருவருக்கும் நடுவால் ஒரு பந்தைத் தள்ளிவிடுகிறார். அதை வாங்கியவர் பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் ஒரு தடவை தட்டிச் சரிசெய்துகொண்ட பிறகே அடுத்த பந்தைக் கொடுக்கிறார். அவ்வளவு நேரமும் அவருக்கு அருகில் உங்கள் பிள்ளை ஒருவர்கூட இல்லை.

இத்தாலியின் ஏசி மிலான் அணியை 1987 முதல் பயிற்றுவித்த அரிகோ சக்கி, தன் கடைசிப் பின்கள வீரருக்கும் முன்னணித் தாக்குநருக்கும் இடையே சுமார் 25 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதை அணியின் அடிப்படை விதியாகவே வைத்திருந்தார். பந்தே இல்லாமல், பந்து இங்கே இருக்கிறது, இப்போது அங்கே போய்விட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, அணி முழுவதும் ஒரே உடலாக நகரும் பயிற்சியை அந்த அணி நாள்தோறும் செய்தது. அந்த மிலான்தான் 1989 ஏப்ரல் 19 அன்று ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் ரியல் மட்ரிட்டை 5–0 என்று வென்று, 1989, 1990 ஆகிய இரு வருடங்களிலும் அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதில் வான் பாஸ்டனும் குலிட்டும் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் பந்தைப் பறித்த இடங்களைப் பார்த்தால், தனிமனிதத் திறமையைவிட ஒருவருக்கொருவர் எவ்வளவு அருகில் நின்றார்கள் என்பதே கண்ணில் படும்.

இதை ஒரு சின்னக் கணக்காகவும் சொல்லலாம். முழு அளவு மைதானம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது, அதாவது 7,140 சதுர மீற்றர். கோல் காப்பாளரை விட்டுவிட்டால் ஒவ்வொரு வீரருக்கும் 714 சதுர மீற்றர் பங்கு வருகிறது. அதே பத்துப்பேர் 30 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமுமான ஒரு கட்டத்துக்குள் நின்று, பந்து போகும் பக்கமெல்லாம் அந்தக் கட்டத்தையே நகர்த்தினால், ஒருவருக்கு 135 சதுர மீற்றர்தான். உங்கள் பிள்ளைகள் இரண்டாம் பாதியில் கால் ஓய்ந்து நின்றதற்கான விடை இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. குறைந்த தூரம் ஓட வேண்டிய முறையைக் கைக்கொண்டு, கூடிய தூரம் ஓடும்படி அவர்கள் விடப்பட்டார்கள்.

கரைவலை இழுப்பவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்க நீங்கள் கரும்பலகை தேடவேண்டியதில்லை. இரண்டு பக்கக் கயிற்றையும் எவ்வளவு பலமாக இழுத்தாலும், வலையின் அடிப்பக்கம் நிலத்தை விட்டுக் கிளம்பினால் மீன் அதன் கீழால் போய்விடும். உங்கள் முன்களம் கயிற்றை நன்றாகவே இழுத்தது. பின்களம்தான் நிலத்தை விட்டுக் கிளம்பி நின்றது.

பின்வரிசை ஏன் முன்னேறவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. தலைக்கு மேலால் ஒரு பந்து போய்விடுமே என்ற பயம். அது நியாயமான பயம். அதனால்தான் ஓஃப்சைட் விதியை, அதாவது சகவீரர் பந்தைக் கொடுக்கும் கணத்தில் எதிரணியின் கடைசிப் பின்கள வீரரையும் தாண்டி நிற்கும் தாக்குநர் அதை வாங்கக்கூடாது என்பதை, நடுவரின் வேலையாக மட்டும் கருதாமல், பின்கள வீரர்களின் கையிலுள்ள கருவியாகப் பழக்கவேண்டும். 2022 நவம்பர் 22 அன்று, எங்கள் நேரப்படி பிற்பகல் 3.30க்குத் தொடங்கிய ஆர்ஜென்டீனா – சவூதி அரேபியா உலகக் கிண்ண ஆட்டத்தை உங்கள் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். அதற்கு முன் 36 ஆட்டங்களில் தோற்காதிருந்த ஆர்ஜென்டீனா அன்று முதற்பாதியில் மட்டும் ஏழு தடவைகள் ஓஃப்சைட்டில் அகப்பட்டது. பந்து வலைக்குள் போன மூன்று தடவைகள் கோல் மறுக்கப்பட்டது. ஹேர்வே ரெனார்ட் பயிற்றுவித்த சவூதி அணி மெஸ்ஸியின் பின்னால் ஓடித் திரியவில்லை. பின்வரிசையை மத்தியகோட்டுக்கு நெருக்கமாக உயர்த்தி, மத்தியகளத்தை அதன் முன்னால் ஒட்டவைத்து, ஆர்ஜென்டீனா ஆடவேண்டிய நிலத்தையே சுருக்கிவிட்டது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல்களைப் போட்டு 2–1 என்று வென்றது. இதில் ஆபத்து இல்லையென்று நான் சொல்லமாட்டேன். நால்வரில் ஒருவர் ஒரு மீற்றர் பிந்தி நின்றாலும் முழு வரிசையும் பயனற்றுப்போகும். ஆகவே வரிசையை உயர்த்துவது எப்போது, பின்வாங்குவது எப்போது என்பதைக் குரல் கொடுத்துச் சொல்ல நால்வரில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். காணொளியில் உங்கள் 4ஆம் இலக்கப் பிள்ளை அடிக்கடி திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறார். அந்தப் பொறுப்புக்கு அவரே பொருத்தமானவர் என்று எனக்குப்படுகிறது.

அடுத்தது பாயும் விதம். உங்கள் முன்கள வீரர்கள் பந்தை நோக்கி நேர்கோட்டில் ஓடுகிறார்கள். லிவர்பூலை நீங்கள் உதாரணம் காட்டியபடியால் அதிலிருந்தே சொல்கிறேன். யேர்கன் குளோப் பயிற்றுவித்த அந்த அணியில், எதிரணியின் நடுப்பின்கள வீரரிடம் பந்து போனதும் பக்கவாட்டுத் தாக்குநர்களான சலாவோ மானேயோ வெளிப்பக்கத்திலிருந்து வளைந்து உள்நோக்கி ஓடுவார்கள். அப்படி ஓடும்போது பக்கவாட்டுப் பின்கள வீரருக்குப் போகக்கூடிய பந்தின் பாதை ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. நடுத் தாக்குநரான ஃபிர்மினோ, எதிரணியின் தடுப்பு மத்தியகள வீரருக்குப் போகும் பாதையில் நிற்பார். பந்து வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது தலைக்கு மேலால் தூக்கிப் போடும் பந்து மட்டுமே. அது காற்றில் மிதந்து வந்துசேரும் நேரத்துக்குள் லிவர்பூலின் மத்தியகள வீரர் அங்கே ஓடிவந்துவிடுவார். ஒருவரின் ஓட்டம் ஒரு எதிரியை நெருக்கவும் இன்னொரு எதிரியை மறைக்கவும் செய்வதே இதிலுள்ள நுட்பம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கிளித்தட்டில் சிறுவயதிலேயே செய்து பழகியவர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். கோட்டில் மறிக்க நிற்பவன், முன்னால் நிற்பவனை அடிக்க அவசரப்பட்டுப் பாய்ந்தால் அந்த இடைவெளியால் மற்றவன் இறங்கிவிடுவான். நல்ல மறிப்பாளன் கையை விரித்து, பக்கம் பக்கமாக நகர்ந்து, முன்னால் நிற்பவன் துணியாதபடி நேரத்தைக் கடத்துவான். அதற்குள், நடுக்கோட்டால் ஓடிவந்து அடிக்கக்கூடிய கிளி என்ற ஆட்டக்காரன் வந்துவிடுவான். பிறகு அகப்பட்டவனுக்குப் போக இடமில்லை. உங்கள் 9ஆம் இலக்கத்துப் பிள்ளை மறிப்பவனாக நிற்கவேண்டிய இடத்தில் கிளியாகப் பாய்கிறார். முதலில் போகிறவர் வேகத்தைக் குறைத்து, பந்து எந்தப் பக்கம் போகவேண்டுமென்று தானே தீர்மானித்து அந்தப் பக்கத்தை மட்டும் திறந்துவிட வேண்டும். பறிப்பது இரண்டாவதாக வருபவரின் வேலை. நாளைக்கே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அரை மணித்தியாலம் கிளித்தட்டு விளையாடவிட்டு, அதே கோடுகளுக்குமேல் பந்தை வைத்துத் தொடருங்கள்.

வெயிலைப் பற்றிப் பழைய வீரர்கள் சொன்னதை நான் முற்றாகத் தள்ளவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, நிலப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசுகிற காலத்தில், எந்த அணியும் ஆட்டம் முழுவதும் பாய்ந்துகொண்டிருக்க முடியாது. மிலான்கூட அப்படி ஆடவில்லை. சக்கி தன் அணியின் பிரஸ்ஸிங்கை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்: பந்தைப் பறிப்பதற்கான முழு நெருக்கம், எதிரணியை ஓர் இடத்துக்குத் தள்ளுவதற்கான பாதி நெருக்கம், நெருக்குவதுபோலக் காட்டிக்கொண்டு மூச்சு வாங்குவதற்கான பாவனை நெருக்கம். இந்த மூன்றாவதைத்தான் உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முழு நெருக்கத்துக்கு மூன்று சமிக்ஞைகளை மட்டும் வையுங்கள்: எதிரணி வீரர் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும்போது, பந்து அவரின் காலை விட்டுத் தெறிக்கும்போது, பக்கக் கோட்டருகே பந்து போகும்போது. பக்கக் கோடு ஒருபோதும் களைக்காத ஒரு பின்கள வீரர் என்பதை மறக்கவேண்டாம். மற்ற நேரங்களில் கட்டத்தைக் கலைக்காமல் நடந்து நகர்ந்தால் போதும்.

கச்சானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் ஆட்டத்தை அதுதான் பாதி தீர்மானித்தது. உங்கள் மைதானத்தின் ஒரு கோல் வயற்பக்கமாகவும் மற்றது கடற்பக்கமாகவும் இருக்கிறது. முதற்பாதியில் நீங்கள் கடற்பக்கக் கோலைக் காத்தீர்கள். எதிரணியின் கோல் வாயிலில் எழும்பிய புழுதி உங்கள் பக்கமாகவே பறந்துவருவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் உயர அடித்த ஒவ்வொரு பந்தையும் காற்று இன்னும் பத்துப் பதினைந்து மீற்றர் சுமந்து வந்து உங்கள் பின்வரிசைக்குப் பின்னால் போட்டது. அந்தப் பாதியில் கட்டத்தை அப்படியே பத்து மீற்றர் பின்னுக்கு இறக்கியிருக்க வேண்டும். முன்வரிசையும் சேர்ந்து இறங்கவேண்டும், அதுதான் முக்கியம். இரண்டாம் பாதியில் காற்று உங்கள் முதுகுக்கு வந்தது. அவர்கள் அடித்த பந்துகள் மேலே எழுந்து, தயங்கி, மத்தியகோட்டுக்கு முன்னாலேயே விழுந்தன. வரிசையை உயர்த்தி முழுமையாக நெருக்கவேண்டிய பாதி அதுவே. அப்போது பிள்ளைகளின் கால்களில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. நாணயச் சுண்டலில் வென்றால், காற்றை எந்தப் பாதியில் வாங்குவது என்பதை உங்கள் தலைவர் முன்கூட்டியே அறிந்திருக்கட்டும்.

துணை நடுவர் மீதான முறைப்பாட்டில் நான் அவர் பக்கமே நிற்கவேண்டியிருக்கிறது. கோல் கிக், த்ரோ-இன், கோர்னர் கிக் ஆகிய மூன்றிலிருந்தும் பந்தை நேராக வாங்குபவருக்கு ஓஃப்சைட் கிடையாது. இது உதைபந்தாட்ட விதிநூலின் 11ஆம் விதியில் உள்ளது. எதிரணியின் முன்கள வீரர் அதை அறிந்தே உங்கள் வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். எதிரணி கோல் கிக் எடுக்கும்போது ஒரு பின்கள வீரர் கட்டாயம் அவருடன் இறங்கி நிற்கவேண்டும். பந்து உதைக்கப்பட்டு வேறொருவரின் காலுக்குப் போன பின்பே வரிசைக்குத் திரும்பவேண்டும்.

கடைசியாக, உங்கள் கோல் காப்பாளர். நான்கு கோல்களிலும் அவர் கோல் கோட்டிலிருந்து இரண்டு அடிக்கு மேல் முன்னால் வரவில்லை. பின்வரிசை மத்தியகோட்டருகே நிற்கும்போது அதற்குப் பின்னாலுள்ள 40 மீற்றர் வெற்றுநிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை அவர்தான். 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜேர்மனியின் மனுவேல் நோயர் ஆடியதை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்; பெனால்டிப் பெட்டியை விட்டு வெகுதூரம் வெளியே ஓடிவந்து, பின்கள வீரரைப்போலக் காலாலும் தலையாலும் பந்தை வெட்டியபடியால்தான் ஜேர்மனி அந்த உயர்ந்த வரிசையுடன் மேலதிக நேரம் வரை தாக்குப்பிடித்து 2–1 என்று வென்றது. உங்கள் காப்பாளர் ஒரு தடவை ஓடிவந்து பந்தைத் தவறவிட்டுக் கோல் விழுந்தால், அன்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெற்றோரிடம் இன்னும் ஆறு கிழமைகள் கேளுங்கள். அடுத்த ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து எடுக்காமல், கோல் கம்பத்துக்குப் பின்னால், கட்டட மாடியோ மேசையோ ஏதாவது உயரமான இடத்திலிருந்து படம்பிடித்து அனுப்புங்கள். நால்வரும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா என்பது அங்கிருந்துதான் தெரியும்.