கேள்விக்கு எந்த டேக்?

அன்புள்ள அண்ணா,

ஏற்காடு நாகலூரில் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டம் இருக்கிறது. நான் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். பழம் பறிக்க வரும் ஆட்களின் கூலிக் கணக்கைப் பைதான் நிரல்மொழியில், அட்டவணைக் கணக்குக்கான பாண்டாஸ் கருவியை வைத்து எழுதினேன். சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றன. நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேட்டேன். நிறையப் பேர் பார்க்கட்டும் என்று பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், அல்காரிதம், டேட்டாபேஸ் என ஐந்து டேக், அதாவது கேள்வி எதைப் பற்றியது என்று சொல்லும் ஒட்டுச்சொற்கள், போட்டேன். மூன்று நாளாகியும் பதில் இல்லை, இரண்டு மைனஸ் ஓட்டுதான் விழுந்தது. தேடல் வசதி இவ்வளவு வளர்ந்த பிறகும் இந்த டேக்கெல்லாம் எதற்கு?

எம்., நாகலூர்

அன்புள்ள தம்பி,

ஏற்கெனவே யாராவது எழுதிவைத்த பதில் என்றால் தேடி எடுத்துவிடலாம். உங்கள் கேள்விக்கு இனிமேல்தான் ஒருவர் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். அங்கே பதில் சொல்பவர்களில் பலர் தங்களுக்குப் பழக்கமான டேக்குகளை மட்டுமே பார்ப்பார்கள். பாண்டாஸில் ஊறியவர் தன் டேக்கைத் திறந்தபோது உங்கள் கேள்வி அங்கே இல்லை. ஜாவாக்காரர்கள் பக்கத்தில் அது இருந்திருக்கும். அவர்களுக்கு அதில் என்ன வேலை?

உங்கள் களத்தில் மூட்டை மேல் அராபிகா பார்ச்மென்ட், அராபிகா செர்ரி என்று எழுதுவீர்கள் அல்லவா? நாலு பேர் வாங்கட்டும் என்று காபி மூட்டையில் மிளகு என்றும் சேர்த்து எழுத மாட்டீர்கள்.

சரி, ஐந்து டேக்குக்குத்தான் அங்கே இடம். அந்த ஐந்தை எப்படித் தேர்வது? இதை நான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனிடமிருந்து கற்றுக்கொண்டேன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர் 1933ல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவர். உங்கள் கேள்வியையும் அப்படிப் பிரியுங்கள். மொழி பைதான். கருவி பாண்டாஸ். கோப்பு சிஎஸ்வி. பிழை கண்ணில் படுவது எக்செல்லில். ஆனால் கணக்குப் போடும் இடத்தில் தவறே இல்லை, எழுத்து கெடுகிறது. அப்படியானால் ஐந்தாவது, எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8.

இந்த ஐந்தாவதைத் தேடியிருந்தால் பாதி விடை உங்களுக்கே கிடைத்திருக்கும். யூடிஎஃப்-8ல் தமிழ் எழுத்துக்கும் ஒற்றைக்கொம்பு போன்ற குறிக்கும் தனித்தனியே மூன்று பைட் வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் இது யூடிஎஃப்-8 என்று காட்டும் அடையாளக்குறி இல்லாவிட்டால் எக்செல் அதைப் பழைய குறியீடாக நினைத்து ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் காட்டிவிடுகிறது. சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், அந்தக் குறி சேர்ந்துவிடும். பெயர்கள் ஒழுங்காக வரும்.

அப்புறம், 'அவசரம்', 'புதியவன்' போன்ற டேக் எதையும் தேட வேண்டாம். அவை உங்களைப் பற்றிச் சொல்பவை, கேள்வியைப் பற்றி அல்ல. 'வீட்டுப்பாடம்' என்று ஒரு டேக் அங்கே இருந்தது, அதையே எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு டேக் மட்டும் ஒட்டியிருந்தால் கேள்வி எதைப் பற்றியது என்று தெரியுமா? தெரியாதென்றால் அது வேண்டாம்.

கேள்வியை அழிக்காதீர்கள். டேக்கைத் திருத்துங்கள், சரியானதும் பதிலையும் நீங்களே அதன் கீழ் எழுதுங்கள், அதற்கு அங்கே இடமுண்டு. தமிழ்ப் பெயர் சிதைந்து நிற்கும் அடுத்த ஆள் யூடிஎஃப்-8 வழியாகத்தான் அங்கே வருவார்.