வெளியே ஓடிய வீட்டுப் பூனையை உள்ளே வரவழைப்பது எப்படி? கேள்வி பதில்

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோய்த் திரும்ப விடுவது எனக்கு நெடுநாள் வேலை. அந்தப் பழக்கத்தில், காணாமல்போன வீட்டுப் பூனைகளைத் தேடவும் கூப்பிடுவார்கள். உங்கள் பூனை இந்த நிமிடம் வெளியே இருக்கிறது என்றால் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கேள்வி (மடிப்பாக்கம்): அக்கா, சிலிண்டர் போட வந்தவருக்குக் கதவைத் திறந்தபோது எங்கள் பூனை ஓடிவிட்டது. மூன்று வயது, வெளியே போனதே இல்லை. காலையிலிருந்து தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு தூரம் போயிருக்கும்?

பதில்: தெருத்தெருவாகச் சுற்ற வேண்டாம்மா. அநேகமாக அது உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயோ பக்கத்து வீட்டிலோதான் இருக்கும். காணாமல்போன 1,200-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்த்தவர்களிடம் விசாரித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. வெளியே போய்ப் பழகாதவை அதைவிடப் பக்கத்தில்.

உங்கள் குரல் அதற்குத் தெரியாமல் இல்லை. பயந்த பூனை வாய் திறக்காது. கத்தினால் நாய்க்கும் கடுவனுக்கும் (ஆண் பூனைக்கும்) தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்று அழுதாலும் அப்படித்தான். அதனால் "கூப்பிட்டேன், பதில் இல்லை, இங்கே இல்லை" என்று ஓர் இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணால் பார்த்த பிறகுதான் ஒதுக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? மாடிப்படிக்கு அடியில் பழைய பெயின்ட் டப்பாவும் உடைந்த நாற்காலியும் போட்டு வைத்திருப்பார்களே, முதலில் அங்கே. மோட்டார் ரூம், மீட்டர் பெட்டி இருக்கும் மூலை, ஜெனரேட்டருக்குப் பின்னால், ஏசி வெளி யூனிட்டுக்கும் சுவருக்கும் இடையில், நம் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஆள் நுழையாத அந்த ஒரு முழச் சந்து. சம்ப் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். காரின் அடியில் மட்டும் பார்த்தால் போதாது, இன்ஜினுக்குள்ளும் ஏறி உட்காரும். குடியிருப்பில் எல்லாரிடமும் வண்டி எடுக்குமுன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள்.

இரவு பதினொன்றுக்கு மேல், தெரு அடங்கிய பிறகு தேடினால்தான் பலன். டார்ச்சை இடுப்பில் பிடித்து அடிக்காதீர்கள். கன்னத்தை ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பூனையின் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்பும். வெளிச்சமும் உங்கள் கண்ணும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அந்தப் பச்சை மஞ்சள் மினுக்கல் உங்களுக்குத் தெரியும். குனிந்தால் போதாது, முழங்காலிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பக்கத்து வீட்டில் "பூனையைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பார்த்திருக்கவே மாட்டார்கள், அது ஒளிந்திருக்கிறது. "உங்க ஸ்டோர் ரூமை நானே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். நேற்றுத் திறந்து மூடிய ரூமுக்குள் மாட்டிக்கொண்ட பூனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான்காவது மாடி பால்கனியிலிருந்து காணவில்லை. விழுந்ததா, ஓடியதா என்றே தெரியவில்லை.

பதில்: விழுந்தது என்றே வைத்துக்கொண்டு, நேர் கீழே உள்ள செடி, கார், படிக்கட்டு ஓரம் எல்லாவற்றையும் உடனே பாருங்கள். விழுந்த பூனை அடிபட்டாலும் பக்கத்து மறைவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கிடைத்தால், நன்றாக நடக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. தாடை உடைவதும் மார்புக்குள் அடிபடுவதும் வெளியே தெரியாது. அன்றே எக்ஸ்ரே. அப்புறம் பால்கனிக்கு வலை.

கேள்வி (வேளச்சேரி): வாசலில் என்ன வைப்பது? அது மலஜலம் கழிக்கும் மண் தொட்டியை வெளியே வைத்தால் மைல் கணக்கில் மோப்பம் பிடித்து வரும் என்கிறார்களே?

பதில்: மைல் கணக்கெல்லாம் கதை. மண் தொட்டியை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்த வாசனைக்கு முதலில் வருவது உங்கள் தெருவின் கடுவன்தான். அது வந்து மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போனால் உங்கள் பூனை அந்தப் பக்கமே வராது. வேண்டுமானால் நீங்கள் இரண்டு நாள் போட்டிருந்த, துவைக்காத சட்டையையோ லுங்கியையோ வாசலில் போடுங்கள்.

சாப்பாட்டில் வாசனைதான் முக்கியம். நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் லேசாக வறுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். மத்தி மீனை வேகவைத்த தண்ணீரும் நல்லது. ஆனால் தட்டு நிறைய வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஊர்ப் பூனைகளுக்கு விருந்து வைத்ததுதான் மிச்சமாகும். ஒரு கைப்பிடி வைத்து, தள்ளி உட்கார்ந்து, யார் வந்து தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். விழித்திருக்க முடியாதவர்கள் பழைய செல்போனையாவது கேமராவாக வைக்கலாம்.

கேள்வி (சேலம்): பூனை எதிர்வீட்டு மதில்மேல்தான் இருக்கிறது, அக்கா. கண்ணுக்குத் தெரிகிறது. நான் இரண்டு அடி வைத்தால் அது நாலு அடி ஓடுகிறது. என் மடியில் தூங்குகிற பூனை! என்னையே தெரியாத மாதிரிப் பார்க்கிறது.

பதில்: மனசு கஷ்டமாகத்தான் இருக்கும் தம்பி. பயத்தில் இருக்கும் பூனைக்கு வளர்த்தவரும் வேற்றாளும் ஒன்றுதான். அந்த நேரத்தில் அது பார்ப்பது தன்னை நோக்கி வரும் பெரிய உருவத்தை. ஒரு முறை துரத்தினால் ஒரு தெரு தள்ளிப் போகும், நாளைக்கு அந்த மதிலும் இருக்காது. வீட்டார் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் வளைப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் போதும், அதுவும் அதற்குச் சாப்பாடு போடுபவர்.

போய்ச் சேரும் முன்பே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நேருக்கு நேர் வேண்டாம், பக்கவாட்டில். முறைத்துப் பார்க்காதீர்கள், அது பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறங்கள். இங்கிலாந்தில் 2020-இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள், இப்படிக் கண் சிமிட்டுபவரின் கையை நோக்கிப் பூனைகள் அதிகமாக வந்தன. வீட்டில் அதற்குப் பழகின சத்தம் ஒன்று இருக்குமே, டப்பாவைக் குலுக்குவது, தட்டில் ஸ்பூனால் தட்டுவது, அதை ஒரு முறை செய்யுங்கள். பிறகு செல்போனை நோண்டுங்கள், பாட்டு முணுமுணுங்கள். நீங்கள் அதற்காக வரவில்லை என்று அது நம்ப வேண்டும்.

மீன் துண்டு ஒன்றை அதற்கும் உங்களுக்கும் பாதி வழியில் போடுங்கள். தின்றால் அடுத்தது இன்னும் கொஞ்சம் கிட்டே. மூன்றாவது துண்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்; எல்லாரும் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது அங்கேதான். பாய்ந்து பிடிக்காதீர்கள். உரசட்டும், முதுகு வளைத்து உங்கள் முட்டியில் தேய்க்கட்டும். அப்புறமும் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்காதீர்கள். பைக் சத்தத்துக்குத் திமிறினால் கையெல்லாம் கிழியும். கூடையோ பழைய பெட்ஷீட்டோ பக்கத்தில் தயாராக இருக்கட்டும், சுற்றித் தூக்குங்கள்.

வாசலுக்கே வரும் பூனை என்றால் இதைவிட எளிது. உள்ளே விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். கதவுப் பிடியில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, கயிற்றோடு ரூமின் மறுகோடியில் உட்காருங்கள். மீனை வாசற்படியிலிருந்து உள்ளே உள்ளே வைத்துக்கொண்டே போங்கள். வால் முழுதும் உள்ளே வந்த பிறகு இழுங்கள், அவசரப்பட வேண்டாம்.

கடித்தாலோ பிறாண்டினாலோ, வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): தீபாவளி அன்று சரவெடிக்குப் பயந்து ஓடியது. இன்னும் வெடிக்கிறார்கள். இப்போதே தேடவா?

பதில்: வெடிச் சத்தத்துக்கு நடுவே தேடிப் பயனில்லை, அது அசையாது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருப்பதெல்லாம் காகிதத்தோடு சரி. உங்கள் தெருவில் எப்போது ஓய்கிறதோ அதுதான் நேரம். பெரும்பாலும் விடியற்காலை இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். முதல் இரவு வராவிட்டால் அடுத்தடுத்த இரவுகளிலும் அதே நேரத்தில் போங்கள். பசி மெல்ல மெல்லப் பயத்தை வெல்லும். அடுத்த வருஷம் முந்தின நாள் மாலையிலேயே ஜன்னல் இல்லாத உள் ரூமில் வைத்துவிடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): தென்னை மரத்தில் ஏறி மட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது அம்மா. கீழே இறங்கத் தெரியவில்லை.

பதில்: நகம் பின்னோக்கி வளைந்திருப்பதால் ஏறுவது சுலபம், தலைகீழாக இறங்க முடியாது, பின்னாலேயே சறுக்கி வர வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் நாயையும் விலக்கிவிட்டு, அடியில் மீனை வைத்து இரவு முழுக்க விட்டுப் பாருங்கள், ஐயா. ஒரு நாள் தாண்டியும் இறங்காவிட்டால் 101-க்குக் கூப்பிடுங்கள், தீயணைப்புத் துறையினர் இதற்கும் வருவார்கள். கல்லெறிவது, தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாம்.

கேள்வி (மதுரை): போன வாரம்தான் வீடு மாறினோம். வந்த மறுநாளே ஓடிவிட்டது.

பதில்: பழைய வீடு ஓரிரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் அங்கேயும் போய்ப் பாருங்கள். நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு இருக்கும் என்பார்களே, முழு உண்மை இல்லை, ஆனால் புது வீடு அதற்கு இன்னும் வீடாகவில்லை. பழைய வீட்டில் குடிவந்தவர்களிடம் நம்பர் கொடுத்து, சாப்பாடு வைக்க வேண்டாம், கூப்பிட்டால் போதும் என்று சொல்லுங்கள். சாப்பாடு கிடைத்தால் அங்கேயே தங்கிவிடும். கிடைத்த பிறகு இரண்டு வாரமாவது ஒரே ரூமில், துவைக்காத பழைய பெட்ஷீட்டோடு வைத்திருங்கள்.

கேள்வி (திருச்சி): பெண் பூனை, ஆபரேஷன் செய்யவில்லை. இரண்டு நாளாகத் தரையில் உருண்டு கத்திக்கொண்டே இருந்தது, பிறகு ஓடிவிட்டது.

பதில்: இது பயந்து ஓடியது அல்ல, துணை தேடிப் போனது. கடுவன்கள் சண்டை போடும் மொட்டை மாடியைப் பாருங்கள். அநேகமாகத் தானே வரும், ஒன்பது வாரத்தில் குட்டியும் வரும். வந்ததும் மருத்துவரிடம் பேசி ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர், ஈசூன்): எங்கள் புளோக்கில் தேடிவிட்டேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: படிக்கட்டில் இறங்கிய பூனைக்கு எல்லா மாடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் கதவு படியிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது என்றால், ஒவ்வொரு மாடியிலும் அதே இடத்துக் கதவைப் பாருங்கள். யாருடைய வீட்டு வாசல் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலோ தன் வீடென்று காத்திருக்கும். சென்னை அபார்ட்மென்ட்காரர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊரில் 2024 செப்டம்பரிலிருந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு, உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். சிப்பில் பதிந்த போன் நம்பர் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று உடனே பாருங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): எதற்கும் வரவில்லை. கூண்டு வைக்கலாமா? எலிக்கூண்டு போதுமா?

பதில்: எலிக்கூண்டில் வால் நசுங்கும். பூனைக்கென்றே நீளமான கூண்டு உண்டு, உள்ளே மிதித்தால் கதவு விழும். ஊரில் கருத்தடை வேலை செய்யும் விலங்கு நல அமைப்புகளிடம் இரவல் கேளுங்கள். அடித்தட்டில் செய்தித்தாள் விரித்து, மேலே துணி போர்த்தி, மீனை மிதிபலகையைத் தாண்டிக் கடைசியில் வையுங்கள். வாசலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அவ்வளவுதான். இரவில் மட்டும் வைத்து, அடிக்கடி போய்ப் பாருங்கள். நம் வெயிலில் மூடிய கூண்டு அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். தெருப்பூனை மாட்டினால் திட்டாமல் திறந்துவிடுங்கள். அடுத்தது உங்களுடையதாக இருக்கலாம்.

கேள்வி (தாம்பரம்): படம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினோம். ஒருவர் பூனை தன்னிடம் இருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் தருவதாகவும் சொல்கிறார்.

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். போஸ்டரில் எப்போதும் ஓர் அடையாளத்தை மறைத்து வைக்க வேண்டும், வயிற்றில் மச்சம், வால் நுனியில் முடிச்சு, எதுவோ. பூனை உண்மையிலேயே அவரிடம் இருந்தால் அதைச் சொல்லிவிடுவார்.

கேள்வி (தஞ்சாவூர்): பத்து நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டது அக்கா! எலும்பும் தோலுமாக, காதில் காயத்தோடு. டெட்டால் போட்டுக் கழுவலாமா? வீட்டிலிருக்கும் இன்னொரு பூனை இதைப் பார்த்துச் சீறுகிறது.

பதில்: டெட்டால் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம், நக்கினால் இன்னும் மோசம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடிபட்ட காயம் வெளியே ஆறி உள்ளே சீழ் கோக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனை செத்துப்போகும்.

பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஐந்தாறு வேளை. வந்த பிறகும் சாப்பிடாமல் படுத்தே கிடந்தால் ஒரு நாளுக்கு மேல் பொறுக்கக் கூடாது. பட்டினியில் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் சேர்ந்து சிக்கலாகும், முன்பு குண்டாக இருந்த பூனைக்கு இது அதிகம்.

சீறுவது கோபத்தால் அல்ல, வாசனை மாறியதால். ஓரிரு நாள் தனி ரூமில் வையுங்கள். ஒரே துணியால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடையுங்கள். கதவின் இரு பக்கமும் தட்டு வைத்துச் சாப்பிடவிடுங்கள். சீறல் நின்ற பிறகு கதவைத் திறங்கள், வாசற்கதவைத் தாழ்போட்டுவிட்டு.