கணினிப் பிரிவு படித்த மகளுக்கு நர்சிங் கிடைக்குமா?

அக்கா, மகள் பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் பிரிவு என்கிறீர்கள். உயிரியல் இல்லாததால் பி.எஸ்சி. நர்சிங்கில் நேரடியாகச் சேர முடியாது. அது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. "பணம் கட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

வழி இருக்கிறது. 3 வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு உதவிப் பயிற்சி) டிப்ளமோவுக்கு, கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவும் சரி. ஆங்கிலம் படித்து, 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். முடித்து நர்ஸாகப் பதிவு செய்த பிறகு, 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (டிப்ளமோ முடித்த நர்ஸ்களுக்கான நர்சிங் பட்டப்படிப்பு) படிக்கலாம்.

என் தங்கையும் இப்படித்தான் படித்தாள். முதல் வருட உடற்கூறியல்தான் மலைப்பாக இருந்தது. எலும்புகளின் பெயர்களைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தாள். இந்த விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.