எட்டே குறிகளில் ஓர் ‘அ’

கேள்வி: மகள் உயர்நிலை 3இல் கம்ப்யூட்டிங் படிக்கிறாள். பைத்தான் நிரல்மொழி நன்றாக வருகிறது. ஜூன் விடுமுறையில் வெறும் குறிகளாலான ஒரு விளையாட்டு மொழியைக் கற்கப்போகிறாளாம். தேர்வுக்கு உதவாததில் நேரம் செலவிடலாமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, செங்காங்

பதில்: தாராளமாக. மதிப்பெண் கிடைக்காது, ஆனால் பைத்தான் கண்ணில் காட்டாத நினைவகத்தை இதில் எண் எண்ணாகத் தொட்டுப் பார்க்கலாம். அவள் சொல்வது, உர்பான் முல்லர் 1993இல் உருவாக்கிய பி.எஃப். ஆக இருக்கும். (முழுப்பெயரில் கெட்ட வார்த்தை உண்டு, அதனால் இந்தச் சுருக்கம்.) வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். + ஒன்று கூட்டும், - ஒன்று குறைக்கும், > < பெட்டி மாற்றும், [ ] பெட்டி 0 ஆகும்வரை திரும்பச் செய்யும், புள்ளி அச்சிடும், காற்புள்ளி உள்ளீடு வாங்கும். மொழியே இவ்வளவுதான்.

முதல் பயிற்சிக்கு ‘அ’ போதும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அதன் எண் 2949, பெட்டியில் அடங்காது. திணித்தால் 256ஆல் வகுத்த மீதியான 133 மட்டுமே தங்கும். ஆகவே அதைச் சிறு எண்களாகப் பிரிக்கும் யூடிஎஃப்-8 முறைப்படி 224, 174, 133 என மூன்று பைட்டுகளாக (பெட்டியில் அடங்கும் எண்களாக) அனுப்ப வேண்டும்:

++++++++[>----<-]>.
<+++++[>----------<-]>.
<++++[>----------<-]>-.

முதல் வரி 8 முறை நான்கு நான்காகக் குறைக்கிறது. 0இலிருந்து ஒன்று குறைத்தால் 255. 32 குறைத்தால் 224. அடுத்து 50, பிறகு 41 குறைகிறது. கடைசிப் புள்ளிக்கு முன்னுள்ள கழித்தலை எடுத்துவிட்டால் ‘ஆ’, அங்கே + போட்டால் ‘இ’.

‘அ’வுக்குப் பதில் புரியாத எழுத்துகள் வந்தால் நிரலில் பிழையில்லை; நீங்கள் நிரலை ஓட்டும் இணையதளம் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது, வேறொன்றில் ஓட்டுங்கள். வேர்டில் தட்டச்ச வேண்டாம்: இரண்டு கழித்தல் குறிகளை அது ஒரே நீளக்கோடாக்கிவிடும், கணக்குக் கெடும். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம், ஆனால் அவற்றில் முற்றுப்புள்ளியோ காற்புள்ளியோ வைத்தால் அதுவும் கட்டளையாகிவிடும். நிரல் நிற்காமல் ஓடினால், ] க்கு முன் கழித்தல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: திரையில் எதுவுமே தெரியாத மொழி ஒன்று இருக்கிறதாமே?
– வாசகர், யீஷூன்

பதில்: ஒயிட்ஸ்பேஸ். 2003 ஏப்ரல் 1 அன்று வெளியானது. இடைவெளி, டேப், புதுவரி மூன்றுதான் கட்டளை, மற்றதெல்லாம் குறிப்பு. பல எடிட்டர்கள் டேப்பை இடைவெளிகளாக மாற்றிவிடும், நிரல் அங்கேயே பாழ். அந்த வசதியை முதலில் நிறுத்திவிட்டு, மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.