வெறுங்கப்பல் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் சேர்ந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. இலவசமாகக் கிடைத்த முதல் கப்பலில் துப்பாக்கியும் சுரங்கக் கருவியும் இருந்தன. சேர்த்து வைத்த இஸ்க்கை (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) கொடுத்துச் சந்தையில் ரிஃப்டர் என்ற சிறு போர்க்கப்பலை வாங்கினேன். அதில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா?
கல்லூரி மாணவர், சேலம்

பதில்: இல்லை. அந்த விளையாட்டில் எந்தக் கப்பலைச் சந்தையில் வாங்கினாலும் அப்படித்தான் வரும். லாரி வாங்குகிறவர் சேஸிஸை மட்டும் எடுத்து வந்து பாடி கட்டும் பட்டறையில் விடுவதைப் போல, நீங்கள் வாங்கியது ஹல் எனப்படும் வெறுங்கூடு மட்டுமே. கையில் கப்பல் இல்லாமல் நிற்பவருக்கு நிலையத்தில் கொடுக்கப்படும் புதுமுகக் கப்பல் ஒன்றுதான் இதற்கு விலக்கு.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரிலுள்ள சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட இந்த விளையாட்டில், சந்தைக்கு வரும் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஆட்டக்காரர்களே செய்கிறார்கள். ஒருவர் கனிமம் வெட்டுகிறார், இன்னொருவர் அதை வாங்கி வரைபடத்தின்படி ரிஃப்டர் கூடுகளை வார்க்கிறார், அவருக்கு அறிமுகமே இல்லாத மூன்றாமவர் பீரங்கி செய்கிறார். இவர்கள் மூவரும் தத்தம் சரக்கைத் தனித்தனியாகவே விலைக்கு வைப்பதால், எல்லாவற்றையும் பூட்டி ஒரே பொருளாக விற்கக் கடைக்காரர் என்று யாரும் அங்கே இல்லை.

ஆகவே ஃபிட்டிங், அதாவது கூட்டில் கருவிகளைப் பூட்டும் வேலை, உங்கள் பொறுப்பு. மேல், நடு, கீழ் என மூவகை ஸ்லாட்டுகளும் (கருவி பூட்டும் இடங்கள்), கப்பலின் இயல்பையே மாற்றும் ரிக் என்ற பாகங்களுக்கான ஸ்லாட்டுகளும் கூட்டில் இருக்கும். பீரங்கி மேலே ஏறும். வேகம் கூட்டும் கருவி நடுவில் அமரும். கவசம் தொடர்பானவை பெரும்பாலும் கீழே. இடம் இருப்பதாலேயே எதையும் பூட்டிவிட முடியாது. ஒவ்வொரு கருவியும் கப்பலின் சி.பி.யூ.விலும் (கணிப்புத் திறன்) பவர்கிரிடிலும் (மின்திறன்) ஒரு பங்கைத் தின்னும். தவிர, அதை இயக்குவதற்கான திறனை உங்கள் பாத்திரம் கற்றிருக்கவும் வேண்டும். கூட்டை ஓட்டத் தெரிந்திருந்தும் அதில் பூட்ட நினைத்த பீரங்கியை இயக்கத் தெரியாமல் நிற்பது புதியவர்களுக்கு வழக்கமாக நேரும் சங்கடம். ஃபிட்டிங் சாளரத்திலேயே சிமுலேஷன் என்ற வசதி இருக்கிறது. காசு செலவழிப்பதற்கு முன்பு, சொந்தமாக இல்லாத கப்பலில்கூட எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பட்டியலை மொத்தமாக விலைக்கு வாங்கலாம். நீங்கள் செய்திருக்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் பட்டியல், கடைசியில் கப்பல்.

கேள்வி: எங்கள் நிலையத்தைவிட வேறொரு நிலையத்தில் கூட்டின் விலை பாதியாக இருக்கிறது. வாங்கிவிடலாமா?
வாசகர், ஈரோடு

பதில்: எந்த நிலையம் என்று பாருங்கள். ஒரே பிராந்தியத்துக்குள் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கலாம். ஆனால் பொருள் விற்றவரின் நிலையத்திலேயே கிடக்கும். அது பாதுகாப்புக் குறைந்த மண்டலமாக இருந்தால், அங்கே பீரங்கியும் விற்கவில்லை என்றால், நிராயுதபாணியாக வீடு திரும்ப வேண்டியதுதான். நான் ஒருமுறை இப்படி மலிவாக வாங்கிய கூட்டை, மண்டலம் விட்டு மண்டலம் தாவும் வாயில்களில் இரண்டாவதிலேயே பறிகொடுத்தேன். மிச்சம் பிடித்த தொகையைவிடப் போனது அதிகம்.

வாங்கியபடியே பிரிக்காமல் பொதிநிலையில் இருக்கும் கூட்டைச் சரக்குக் கப்பலில் ஏற்றி வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பொதியாக இருக்கும்போது ரிஃப்டர் போன்ற சிறிய ஃபிரிகேட் 2,500 கன மீட்டர், நடுத்தரமான குரூசர் 10,000, பெரிய பேட்டில்ஷிப் 50,000 இடத்தை அடைக்கும். ‘அசெம்பிள்’ என்பதை அழுத்திவிட்டால் கன அளவு பல மடங்கு பெருகி, சாதாரணச் சரக்குக் கப்பலில் அடங்காமல் போகும். எனவே ஊர் சேரும்வரை அதை அழுத்தாதீர்கள். விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டாவின் நிலையத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் என்பதால், முதல் கப்பலுக்கு நான்கு காசு கூடினாலும் அங்கேயே வாங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஈவ் விளையாட்டில் சிலர் சந்தைக்கு வெளியே, முழுதாகப் பூட்டிய கப்பல்களை ஒப்பந்தத்தில் விற்கிறார்களே, அது லாபமா?
இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: சில சமயம் நல்ல லாபம். ரிக்கைக் கழற்ற முயன்றால் அது அழிந்துவிடும். பொதிநிலைக்குத் திருப்பினாலும் அப்படியே. அதனால் ரிக் பூட்டிய பழைய கப்பலை விற்பவர் அதன் விலையை முழுதாகத் திரும்பப் பெறுவது அரிது, வாங்குபவருக்கு அது ஏறக்குறைய இனாமாகவே வருகிறது. ஆனால் உங்களுக்கு வேண்டிய ரிக்தானா என்று பார்க்க வேண்டும். விலையில் ஒரு சுழியம் கூடியிருப்பதும், தருவதாகக் காட்டிய பொருள் உண்மையில் நீங்கள் தர வேண்டிய பொருளாக இருப்பதும் அங்கே அன்றாட மோசடிகள். இவ்வகை ஏமாற்று விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்டதே என்பதால் முறையிட்டுப் பயனில்லை.

கேள்வி: காப்பீடு செய்துவிட்டால் உயர்ந்த கருவிகளைத் தைரியமாகப் பூட்டலாம் அல்லவா?
வங்கி ஊழியர், கோவை

பதில்: கூடாது. ஈவ் விளையாட்டின் காப்பீடு கூட்டுக்கு மட்டுமே. காப்பீடே செய்யாத கப்பலுக்குக் கூட்டின் அடிப்படை மதிப்பில் 40 விழுக்காடு கிடைக்கும். அந்த மதிப்பில் 30 விழுக்காட்டைக் கட்டி உயர்ந்த பிளாட்டினம் வகையை எடுத்தால் 12 வாரங்களுக்கு முழு மதிப்பும் காக்கப்படும். கருவிகளுக்கும் ரிக்குகளுக்கும் ஒரு காசும் வராது. கப்பல் வெடிக்கும்போது ஒவ்வொரு கருவியும் தப்புவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தப்பியதையும் பெரும்பாலும் உங்களை வீழ்த்தியவரே அள்ளிக்கொண்டு போவார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக, மலிவான ஃபிரிகேட்டில் கூட்டைவிடப் பன்மடங்கு விலையுள்ள கருவிகளை ஏற்றுவது, கொள்ளையரைக் கைதட்டி அழைப்பதற்குச் சமம்.

கேள்வி: நான் ஆடுவது எலீட் டேஞ்சரஸ் என்ற வேறொரு விண்வெளி விளையாட்டு. அதில் கப்பல் வாங்கும்போது ஒன்றுக்கும் உதவாத கருவிகளையும் சேர்த்தே தலையில் கட்டுகிறார்கள். அவை இல்லாமல் வெறுங்கூடாக வாங்க வழி உண்டா?
மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: கப்பல் தளத்தில் அப்படி வாங்க முடியாது. பெரும்பாலும் மிகக் கீழான ‘இ’ தரத்திலுள்ள கருவிகளுடன்தான் அது கைக்கு வரும். ஆனால் உங்கள் வருத்தம் தேவையற்றது. கருவியைத் திரும்ப விற்றால் கொடுத்த விலை முழுதாகக் கிடைக்கும். கூட்டை விற்றால்தான் பத்தில் ஒரு பங்கு கழியும். எனவே வாங்கிய கையோடு சரக்கு அடுக்குகளையும் ஆயுதங்களையும் விற்றுவிட்டால் நீங்கள் கேட்கும் வெறுங்கப்பல் நட்டமில்லாமல் உங்களுடையது. மின்னாக்கி, உந்துகலன், விண்மீன் விட்டு விண்மீன் தாவ உதவும் தாவுபொறி போன்ற மையக் கருவிகளின் இடத்தை மட்டும் காலியாக விட முடியாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்தியே ஆக வேண்டும்.

கருவிகளுக்கென்று ஒதுக்கும் பணத்தில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அனகோண்டா கப்பலின் விலை ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் கிரெடிட். அதற்குப் பொருந்தும் மிக உயர்ந்த ‘8ஏ’ (8 என்பது அளவு, ‘ஏ’ என்பது தரம்) மின்னாக்கி ஒன்றின் விலையோ 16 கோடியைத் தாண்டும். கப்பலை இழந்தால் கூடு, கருவிகள் இரண்டும் சேர்ந்த மொத்த மதிப்பில் 5 விழுக்காட்டைக் கட்டி எல்லாவற்றையும் அப்படியே மீட்கலாம் என்பது ஈவ் விளையாட்டில் இல்லாத சலுகை. ஆனால் அந்த 5 விழுக்காடு கையில் இல்லாமல் நிலையத்தை விட்டுக் கிளம்பக் கூடாது.

நெடும்பயணம் போக நினைத்தால், எடை குறைந்த ‘டி’ தரக் கருவிகளோடு தாவுபொறியை மட்டும் ‘ஏ’ தரத்தில் பொருத்துங்கள். சரக்கு அடுக்கை விற்ற பணத்தில் முதலில் வாங்க வேண்டியது, விண்மீன்களிடமிருந்து எரிபொருள் அள்ளும் ஃப்யூயல் ஸ்கூப். அனகோண்டாவுடன் வரும் தொகுப்பில் அது கிடையாது.